பாட்டை ஓட விடுங்கள்: ஹெவி மெட்டல் ஆவணப்படங்களும் இரசிகர்களின் முறைப்பாடுகளும்

(கொழும்பு வெள்ளவத்தையில், ஆவணப்படத் திரையிடல் ஒன்றின் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

ஹெவி மெட்டல் என்கிற கனத்த கிற்றார் இசையைப் பற்றிய எந்த ஆவணப்படத்தைப் போட்டாலும், விளக்கு எரிந்தவுடன் வருகிற முதற் கேள்வி ஒன்றுதான்: "எங்கட ஆட்களை ஏன் காட்டேல்லை?" 2005இல் கனடாவைச் சேர்ந்த சாம் டன் எடுத்த படத்துக்கும் இதுதான் நடந்தது. டன் மானிடவியல் படித்தவர், சிறுவயதிலிருந்தே மெட்டல் பைத்தியம். மெட்டலின் கிளைகளை வம்சாவளி மரமாக வரைந்து திரையில் காட்டினார். காணியைப் பங்கு பிரிக்கிற அன்றுதானே எல்லாப் பங்காளிகளும் வாசலில் நிற்பார்கள்! மெதுவான, கனத்த டூம் மெட்டல் கேட்பவர் தன் கிளைக்கு நேரம் போதாது என்றார். வேகமான திராஷ் மெட்டல் கேட்பவர், தலைமயிருக்கு ஸ்பிரே அடித்த குழுக்களுக்கு ஏன் இவ்வளவு இடம் என்றார்.

இந்த முறைப்பாட்டால் ஒரு பலனும் கிடைத்தது. அதே படக்குழு 2011இல் 11 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர் ஒன்றைச் செய்தது. அதில் உறுமலும் அதிவேகமும் கொண்ட தீவிர மெட்டலுக்குத் தனிப் பகுதி எடுக்கத் தொலைக்காட்சி பணம் தரவில்லை. விடுபட்ட அந்தப் பகுதியைப் பின்னர் இரசிகர்களிடம் காசு சேர்த்தே எடுத்தார்கள். இருந்தாலும், "அவர் இல்லை, இவர் இல்லை" என்பதை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் யாரைச் சேர்த்தாலும் யாரோ ஒருவர் வெளியேதான் நிற்பார்.

இரண்டாவது முறைப்பாடு ஒலியைப் பற்றியது. மெய்யான குற்றச்சாட்டு இதுதான். படத்தில் ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிற்றார் சுரக்கோவை, தொடங்கும். நாலு செக்கன் போகும். உடனே ஒருவர் பேச வருவார், கிற்றார் கீழே இறங்கிவிடும். இசையைப் பற்றிய படத்தில் ஒரு பாட்டாவது முழுதாக ஓடுவதில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று அனுமதி. ஒரு பாட்டைப் படத்தில் சேர்க்க, இசையமைத்தவரிடமோ அவருடைய உரிமையைப் பார்க்கும் பதிப்பகத்திடமோ ஓர் அனுமதி வேண்டும். அந்த ஒலிப்பதிவை வைத்திருக்கும் இசைத்தட்டு நிறுவனத்திடம் இன்னொன்று வேண்டும். இரண்டில் எது வராவிட்டாலும் பாட்டு இல்லை. எத்தனை செக்கன், எத்தனை நாடு, எத்தனை வருடம் என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அதனால் படத்தொகுப்பாளர் துண்டு துண்டாகவே வெட்டுவார்.

மற்றது ஒலிக்கலவை. மனிதப் பேச்சு தெளிவாகக் கேட்க 1,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதி முக்கியம். டிஸ்டோர்ஷன் ஏற்றிய, அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கிய, கிற்றாரின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது, பேஸ் ட்ரம்மின் 'டிக்' என்ற அடியும் அங்கேதான். பேச்சுக்கு வழிவிட அந்தப் பகுதியைக் குறைத்தால் ரிஃப்பின் விளிம்பு போய் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். தெரியாத ஒருவர் அதைக் கேட்டுவிட்டு "இது என்ன சத்தம்" என்றுதான் சொல்வார். பிழை கேட்டவரிடம் இல்லை. பேச்சை ஒரு பக்கம் வைத்து, ரிஃப்பை 20 செக்கனாவது தனியே ஓடவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

மெட்டல் கிற்றார் பெரும்பாலும் வாசிப்பது பவர் கோர்ட். சங்கீதம் பழகியவர்களுக்கு விளங்கும்படி சொன்னால், சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். தம்புராவில் கேட்கிற அதே சோடி. ஏன் காந்தாரத்தைச் சேர்ப்பதில்லை? டிஸ்டோர்ஷன் என்பது இரண்டு சுரம் உள்ளே போனால் அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் புதுச் சுரங்களாக வெளியே தருகிற கருவி. பஞ்சமம் சட்ஜத்தின் ஒன்றரை மடங்கு. கழித்தால் அரை மடங்கு, அதாவது கீழ்ஸ்தாயிச் சட்ஜம். யாரும் வாசிக்காத அந்தச் சுரம் தானாகவே வந்து கனத்தைக் கூட்டுகிறது. காந்தாரத்தையும் சேர்த்தால் பொருந்தாத சுரங்கள் பல கிளம்பி எல்லாம் கலங்கிவிடும்.

மெட்டலின் பிறப்பு என்று பலரும் காட்டுவது 1970 பெப்ரவரியில் வந்த பிளக் சப்பத் குழுவின் முதல் இசைத்தட்டு. அதன் முதற் பாட்டின் ரிஃப்பில் மூன்றே மூன்று நிலை: சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்திமம். கல்யாணியில் நாம் நாளும் கேட்கிற மத்திமம்தான். கல்யாணியில் அது பஞ்சமத்துக்கு ஏறிப்போகிற படி. இங்கே பஞ்சமத்தில் இளைப்பாறாமல், அதை உரசி உரசித் திரும்பி அந்த மத்திமத்திலேயே நடுங்கிக்கொண்டு நிற்கிறது. இந்த இடைவெளியை மத்தியகாலத் திருச்சபை தடை செய்தது என்று மெட்டல் பேச்சு வந்தாலே ஒரு கதை சொல்வார்கள். அப்படித் தடை போட்டதற்கு ஆதாரம் கிடையாது. விவரம் தெரிந்த இரசிகர்கள் அந்தக் கதை வரும்போதெல்லாம் சரியாகவே எரிச்சல்படுகிறார்கள்.

அந்தக் குழுவின் கிற்றார்காரர் டொனி அயோமி பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். 17 வயதில் இயந்திரத்தில் கை சிக்கி, வலக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் நுனி இழந்தன. அவர் இடக்கைக்காரர். தந்தியை அழுத்துவது வலக்கை. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு மூடி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். மெல்லிய தந்தி போட்டார். 1971இல் வந்த மூன்றாவது இசைத்தட்டின் பல பாட்டுகளில் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். தடித்த தந்தி 82 ஹேர்ட்ஸிலிருந்து 69க்கு வந்தது. தந்தி தளர்ந்ததால் விரலுக்கு இலகு, காதுக்குக் கனம். அதற்குப் பின் வந்தவர்கள் விரல் நன்றாக இருந்தும் சுருதியை இறக்கினார்கள்.

மடிக்கணினியின் ஸ்பீக்கர் அந்த 69 ஹேர்ட்ஸை அனேகமாகத் தராது. அதற்கு மேலே உள்ள மடங்கு அதிர்வுகளைக் கேட்டு மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். அதனால் ரிஃப் அடையாளம் தெரியும், நெஞ்சில் இடி விழாது. இதே படத்தை ஃபோனில் பார்த்தவரும் சப்வூஃபர் உள்ள மண்டபத்தில் பார்த்தவரும் ஒத்துப்போகாததற்குப் பாதிக் காரணம் இது.

மூன்றாவது முறைப்பாடு, படங்கள் கேலி செய்கின்றன என்பது. டன்னின் 2005ஆம் ஆண்டுப் படத்தில், நோர்வேயின் கோர்கோரொத் குழுவின் அப்போதைய பாடகரான கால் (Gaahl) என்பவர், வைன் கிண்ணத்தோடு அமர்ந்திருக்கிறார். உங்கள் இசையை இயக்குவது எது என்று டன் கேட்க, நீண்ட மௌனத்துக்குப் பின் ஒரே சொல்: "சாத்தான்." உலகம் அதைப் பார்த்துச் சிரித்தது. சாத்தான் என்றால் என்ன என்ற அடுத்த கேள்விக்கு அவர் "சுதந்திரம்" என்கிறார். அதை நினைவில் வைத்திருப்பவர்கள் இரசிகர்கள்தான். இயக்குநர் பெனலோப்பி ஸ்பீரிஸ் 1988இல் வெளியிட்ட மெட்டல் ஆவணப்படத்தில், பிளக் சப்பத்தின் முதற் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் கை நடுங்கித் தோடம்பழச் சாற்றைச் சிந்துகிற காட்சி உண்டு. அது செட்டப் என்று இயக்குநரே பிறகு சொன்னார். இதை இரசிகர்கள் மன்னிக்காததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் உள்ளதை உள்ளபடி காட்டினாலும் திட்டு விழும். 2004இல் மெட்டாலிகா குழு இசைத்தட்டு ஒன்றை உருவாக்குவதைக் காட்டி வந்த படத்தில், தனி கிற்றார் வாசிப்பு பழைய பாணி, வேண்டாம் என்று பேச்சு வருகிறது. குழுவின் கிற்றார்காரர் கேர்க் ஹமெட் மறுக்கிறார்: அதை நீக்கிவிட்டால்தான் இசைத்தட்டு இந்தக் காலத்தோடு முடங்கிப்போகும் என்று. அவர் சொன்னதே பலித்தது. அதே இசைத்தட்டில், ஸ்னேர் ட்ரம்மின் அடிப்பக்கக் கம்பிகளைத் தளர்த்தியே பதிவு செய்ததால், சுருக்கென்று வெட்ட வேண்டிய அடி தகரம்போல் நீண்டு ஒலித்தது. அந்தத் தகரச் சத்தத்துக்கு இரசிகர்கள் இன்றுவரை மன்னிப்பு வழங்கவில்லை. நானும்தான்.

இனி எங்கள் ஊர். டன் 2008இல் எடுத்த அடுத்த படம் பிரேசில், ஜப்பான், இந்தியா, சீனா, இந்தோனேசியா, இஸ்ரேல், டுபாய் என்று சுற்றியது. இந்தியாவரை வந்த கமரா பாக்குநீரிணையைத் தாண்டவில்லை. ஸ்டிக்மாடா போன்ற கொழும்புக் குழுக்கள் 2000களின் முற்பகுதியிலேயே இசைத்தட்டு வெளியிடத் தொடங்கிவிட்டன. ஆகவே படம் எடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். எடுப்பதானால் சில விசயங்களைக் கவனியுங்கள்.

இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமராவைச் செக்கனுக்கு 25 ஃபிரேம், ஷட்டர் செக்கனின் 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று வையுங்கள். 30 ஃபிரேம், 60இல் ஒன்று என்று விட்டால் மண்டப விளக்கு படத்தில் பட்டை பட்டையாக ஓடும். மேடை எல்இடி விளக்குகள் வேறு கணக்கில் துடிப்பவை. ஒத்திகையின்போதே ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள்.

ஒலிக்கு மிக்சரிலிருந்து ஒரு வயரை இழுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சின்ன மண்டபத்தில் கிற்றார் அம்ப்ளிஃபயரின் சொந்தச் சத்தமே எல்லோருக்கும் போதும். அதனால் ஒலிக்காரர் அதை மிக்சரில் மெல்லத்தான் ஏற்றியிருப்பார். அந்தப் பதிவில் பாடகரின் தொண்டை முன்னே நிற்கும், கிற்றாரைத் தேட வேண்டும். ஆகவே மண்டபத்துக்குள் இரண்டு மைக் தனியாக வையுங்கள். 24 பிட், 48,000 ஹேர்ட்ஸில், பதிவுக் கருவியின் அளவியில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் பதியுங்கள். தானியங்கி ஒலிக்கட்டுப்பாட்டை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பேஸ் ட்ரம் விழும் ஒவ்வொரு முறையும் மற்ற எல்லாம் அமுங்கி எழும். மேடையிலிருந்து 15 மீற்றர் தள்ளி வைத்த மைக்குக்கு ஒலி ஏறத்தாழ 43 மில்லிசெக்கன் பிந்தி வரும். 25 ஃபிரேமில் அது ஒரு ஃபிரேமுக்குச் சற்று மேல். தொகுக்கும்போது அந்தத் தடத்தை அவ்வளவு முன்னே தள்ளாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும்.

காதடைப்பான் போடுங்கள். 85 டெசிபெலில் 8 மணித்தியாலம் நிற்கலாம் என்பது வேலைத்தலக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான் மிச்சம்.

பேட்டியைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் எதில் தருகிறாரோ அதிலேயே எடுங்கள், மற்ற இரண்டிலும் எழுத்துப் போடுங்கள். உறுமிப் பாடுகிற வரிகளைக் காதால் கேட்டு எழுத முயல வேண்டாம். பாடகரிடமே தாளில் வாங்குங்கள். அந்த வரியைத் திரையில் எழுத்தாகக் காட்டவும் எழுதியவரின் அனுமதி வேண்டும். பாட்டுக்கான கடிதம் வாங்குகிற அன்றே இதற்கும் கையெழுத்து வாங்கி வையுங்கள். படம் முடியும்வரை குழு கலையாமல் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.