மிடில்புரூக்கின் ஆய்வு வாழ்க்கை

அவையோருக்கு வணக்கம்.

1929-இல் இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜிலும் ஸ்டான்ஃபோர்டிலும் பயின்று, 1955-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்த பேராசிரியர் ஆர். டேவிட் மிடில்புரூக், டிரான்சிஸ்டர் ஆய்விலிருந்து மின்திறன் மின்னணுவியலுக்கு, அதாவது மின்திறனை ஒரு வடிவிலிருந்து வேறு வடிவுக்கு மாற்றும் மின்னணுச் சுற்றுகளின் துறைக்கு, வந்தவர். சிக்கலான ஒரு கருவியை அதைப் போலவே நடந்துகொள்ளும் எளிய சமானச் சுற்றாக வரைந்து பார்க்கும் பழக்கத்தை அவர் அங்கிருந்தே கொண்டுவந்தார் என்று நான் கருதுகிறேன்.

ஒரு மின்னழுத்தத்தை வேறொரு மின்னழுத்தமாக மாற்றித் தரும் ‘மாற்றி’ என்ற சுற்றுகளில் சுவிட்ச் திறந்து மூடும்போதெல்லாம் சுற்றின் அமைப்பே மாறிவிடுவதால், வழக்கமான கட்டுப்பாட்டுக் கணிதம் அவற்றுக்கு நேரடியாகப் பொருந்தவில்லை. சுவிட்சின் இரு நிலைகளுக்கும் உரிய சமன்பாடுகளை, அந்தந்த நிலை நீடிக்கும் கால விகிதப்படி சராசரியாக்கிவிடலாம் என்று 1976-இல் அவரும் அவருடைய மாணவர் ஸ்லோபோடன் சூக்கும் காட்டினர். சுற்றின் இயல்பான அதிர்வெண்களைவிடச் சுவிட்சின் அதிர்வெண் மிகவும் உயர்ந்திருக்கும் வரை அந்தச் சராசரி நம்பத்தக்கது.

ஆயினும் என் மனத்தை மிகவும் கவர்வது, அதே ஆண்டில் அவர் உள்ளீட்டு வடிகட்டியை, அதாவது மின் இரைச்சலைத் தடுக்க மாற்றியின் முன்னே வைக்கும் சுற்றை, பற்றி எழுதிய கட்டுரைதான். வெளியீட்டை மாறாமல் காக்கும் ஒரு மாற்றி 24 வோல்ட்டில் 5 ஆம்பியர், அதாவது 120 வாட் எடுப்பதாகக் கொள்வோம். மின்னழுத்தம் 20 வோல்ட்டாகக் குறைந்தால், அதே திறனைப் பெற அது 6 ஆம்பியர் இழுக்கும். அழுத்தம் குறையக் குறைய மின்னோட்டம் கூடுகிறது. சிறு மாறுதல்களைப் பொறுத்தவரை அந்த மாற்றி எதிர்மறை மின்தடையாகவே நடந்துகொள்கிறது. அதன் முன்னே வைக்கும் வடிகட்டியில் உள்ள மின்தூண்டியும் மின்தேக்கியும் தாமாகவே அலைவுறும் தன்மை கொண்டவை. அந்த அலைவைத் தணிக்கப் போதிய மின்தடை இல்லையென்றால், எதிர்மறை மின்தடை அதை வளர்த்துவிடும். தனித்தனியே சோதித்தபோது குறையின்றி இயங்கிய இரண்டு பகுதிகள், இணைத்த பிறகு நிலைகுலைவது இதனால்தான்.

இதற்கு அவர் தந்த விதி ஒரே வரியில் அடங்கும்: வடிகட்டியின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் எதிர்ப்பு), மாற்றியின் உள்ளீட்டு மின்னெதிர்ப்பைவிட எல்லா அதிர்வெண்களிலும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதிர்வெண்ணுக்கேற்ப இந்த இரண்டு மின்னெதிர்ப்புகளும் மாறுவதைக் காட்டும் வளைகோடுகளை ஒரே தாளில் வரைந்தால் அவை எங்கே நெருங்குகின்றன என்பது தெரியும். எந்த அதிர்வெண்ணில் தணிப்பு தேவை என்பதையும் பொறியாளர் கண்டுகொள்வார். விடையைத் தருவதோடு நில்லாமல், எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்பதையும் சமன்பாடு சொல்ல வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. தொழிலில் இருந்த பொறியாளர்களுக்கும் அவர் வகுப்பு நடத்தி இதையே கற்பித்தார்.

அவர் 2010-இல் மறைந்தார். ஒரே நேர்திசை மின்னோட்ட (DC) வழித்தடத்தில் பல மாற்றிகளை இணைப்போர், இன்றும் முதலில் அந்த இரண்டு வளைகோடுகளைத்தான் வரைந்து பார்க்கிறார்கள்.