ஸ்பின்னர் கீழே இறங்கிப்போனா வாஷர் போடலாமா? கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கிறேன், ஏன்னா அதுக்குள்ள நாலு கேள்வி இருக்கு. விமானப் பராமரிப்பு ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒரு தங்கை கேட்டிருக்காங்க. அப்படியே படிக்கிறேன். புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு வரி: செஸ்னா 172 ஒரு ஒற்றை எஞ்சின் சின்ன விமானம்; ஸ்பின்னர்னா ப்ரொப்பெல்லர் நடுவுல இருக்கிற கூம்பு மூடி; கவுலிங்னா எஞ்சினைச் சுத்தி இருக்கிற மூடி; மவுண்ட்னா எஞ்சினைத் தாங்குற குழாய்ச் சட்டமும் அதுல இருக்கிற ரப்பர் தாங்கிகளும்.

"சார், நாங்க பயிற்சிக்குப் போற ஹேங்கர்ல ஒரு பழைய செஸ்னா 172 இருக்கு. அதோட ஸ்பின்னர், மேல கவுலிங் விளிம்பை விட ஒரு பென்சில் கனத்துக்குக் கீழ இறங்கி நிக்குது. கீழ் மவுண்ட்ல ரெண்டு வாஷர் வச்சா தூக்கிடும்னு ஒரு சீனியர் சொல்றார். அது சரியா? இப்படியே பறந்தா ஆபத்தா?"

நல்ல கேள்விம்மா. நடந்து போகும்போது இதைக் கண்ணு பிடிச்சிருக்கு பாருங்க, அதுவே பெரிய விஷயம். பல பேர் தினமும் அதுக்கு முன்னாடி நின்னு டீ குடிப்பாங்க, கவனிக்க மாட்டாங்க.

வீட்டுக் கதவு ஒண்ணு அடிப்பக்கம் தரையில உரசுதுன்னு வைங்க. ஒருத்தர் வந்து கதவோட அடியை இழைச்சுட்டுப் போவார். இன்னொருத்தர் மேல் கீலைப் பார்ப்பார், ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். கீல்ல விட்டது ஒரு நூல்தான், கதவோட முனையில அது கால் அங்குலமாத் தெரியும். ஸ்பின்னர் அந்தக் கதவு முனை. தப்பு எங்கேயோ இருக்கு, தெரியறது அங்க. வாஷர் வைக்கிறதுங்கிறது, கீலைப் பார்க்காம கதவை இழைக்கிற வேலையா ஆகிடக் கூடாது.

இப்ப எஞ்சின் எப்படி நிக்குதுன்னு பாருங்க. லைகமிங் ஓ-320 எஞ்சினை எடுத்துக்குங்க. எஞ்சின் மட்டும் சுமார் 110 கிலோ. ப்ரொப்பெல்லர், எண்ணெய், எக்ஸாஸ்ட், மத்ததெல்லாம் சேர்த்தா இன்னும் கூடும். இந்தப் பாரம் முழுக்க ஃபயர்வாலுக்கு, அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தடுப்புத் தகடுக்கு முன்னாடி, அந்தரத்துல, நாலு போல்ட்டுல நிக்குது. கையை நேரா நீட்டித் தண்ணிக் குடத்தைத் தூக்கிப் பிடிச்ச மாதிரி. அதனால மேல் ரெண்டு போல்ட்டும் முன்பக்கமா இழுபடும், கீழ் ரெண்டு இடமும் பின்பக்கமா அழுந்தும்.

ஒவ்வொரு போல்ட்டுலயும் மவுண்ட் வளையத்துக்கு முன்னால ஒரு ரப்பர், பின்னால ஒரு ரப்பர். ஹேங்கர்ல இதை லார்ட் மவுண்ட்னே சொல்வாங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்து ஈரி ஊர்ல 1924-ல தொடங்கின நிறுவனத்தோட பேர் அது, பொருளுக்கே பேராகிப்போச்சு. ரப்பர்னா இழுத்தா திரும்பி வரும்னு நினைப்போம். ஆனா வருஷக்கணக்கா ஒரே பக்கம் பாரம் இருந்தா, கொஞ்சம் கொஞ்சமா அந்த வடிவத்துக்கே பழகி அப்படியே நின்னுடும். எஞ்சின் சூடு அதை வேகப்படுத்தும். எண்ணெய் கசிஞ்சு பட்டா இயற்கை ரப்பர் ஊதி மெத்துன்னு ஆகிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்துடலாம். பென்சில் கனம்னா 7 மில்லிமீட்டர். ரப்பர்ல இருந்து ஸ்பின்னர் வரைக்கும் தோராயமா 75 சென்டிமீட்டர். 7-ஐ 750-ஆல வகுத்தா, எஞ்சின் சாய்ஞ்சது அரை டிகிரி. மேல் மவுண்ட்டுக்கும் கீழ் மவுண்ட்டுக்கும் நடுவுல 30 சென்டிமீட்டர் இருக்குன்னு வச்சா, அந்த அரை டிகிரி வர மேல ஒண்ணரை மில்லிமீட்டரும் கீழ ஒண்ணரை மில்லிமீட்டரும் ரப்பர் அழுந்தினாப் போதும். அதனாலதான் மவுண்ட்டைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, ஸ்பின்னரைப் பார்த்தா பளிச்சுன்னு தெரியும்.

ஆனா இறங்கினது எஞ்சின்தான்னு யார் சொன்னது? அங்கதான் உங்க சீனியர் ஒரு படி தாண்டிட்டார்.

முதல்ல ப்ரொப்பெல்லரைக் கையால மெதுவா சுத்தி, ஸ்பின்னருக்கும் கவுலிங்குக்கும் உள்ள இடைவெளியை அளக்கணும். தொடறதுக்கு முன்னாடி: சாவி வெளிய, மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கருவி) ஆஃப், மிக்ஸ்ச்சர் கட் (எரிபொருளை அடைச்சிடணும்), சக்கரத்துக்குக் கட்டை, ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு ஸ்பார்க் பிளக் வெளிய. இத்தனையும் பண்ணின பிறகும் அந்த பிளேடு பாயும்னு நினைச்சுத்தான் நிக்கணும். மேக்னெட்டோவோட தரை ஒயர் உள்ளுக்குள்ள அறுந்திருந்தா ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தும் அது உயிரோடதான் இருக்கும். இம்பல்ஸ் கப்ளிங், அதாவது மேக்னெட்டோவை வெடுக்குன்னு சுண்டி விடுற ஸ்பிரிங் இணைப்பு இருக்கிற மேக்னெட்டோ, கையால மெதுவா சுத்தினாலே பொறி விடும். படிக்கிற பிள்ளைகள் இதைத் தனியா பண்ணவே கூடாது, லைசென்ஸ் இருக்கிறவர் பக்கத்துல இருக்கணும்.

சுத்தும்போது மேல, அதாவது 12 மணி இடத்துல இருக்கிற இடைவெளியையே பாருங்க. ப்ரொப்பெல்லர் எந்த நிலையில நின்னாலும் அந்த இடைவெளி மாறலைன்னா, ஸ்பின்னர் நேராத்தான் உட்கார்ந்திருக்கு, எஞ்சினோ கவுலிங்கோ நகர்ந்திருக்கு. சுத்தச் சுத்த கூடிக் குறைஞ்சா ஸ்பின்னரே கோணல், இல்ல அதோட பின் தட்டு வளைஞ்சிருக்கு. அப்ப மவுண்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டும் கலந்தும் வரலாம்.

அடுத்தது கவுலிங். இதை மறந்துடறாங்க. பல 172 மாடல்கள்ல கவுலிங்கே சின்னச் சின்ன ரப்பர் மவுண்ட் மேலதான் உட்கார்ந்திருக்கும். அது தளர்ந்தா கவுலிங் நகரும், எஞ்சின் இருந்த இடத்துலயே இருக்கும். பார்க்கிறவங்களுக்கு எஞ்சின் தொங்கின மாதிரி தெரியும். எஞ்சின் மவுண்ட் ஒரு செட் வாங்கிற காசு கொஞ்சநஞ்சம் இல்ல. அதை மாத்தின பிறகு கவுலிங் ரப்பர்தான் காரணம்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்?

மூணாவது, எனக்கு மனசுல தச்சு இருக்கிறது. 172-ல மூக்குச் சக்கரத்தோட பாரம் ஃபயர்வால் பக்கம் போகும். மூக்கு முன்னாடி குத்தி இறங்கினா ஃபயர்வால் தகடு மடிப்பு விழும். பைப்பர் செரோக்கியில மூக்குச் சக்கரம் எஞ்சின் மவுண்ட் குழாயோடயே சேர்ந்திருக்கும், அதுல குத்தினா மவுண்ட்டே வளையும். நான் வேலை பார்த்த ஒரு பயிற்சிப் பள்ளியில அப்படி மூக்குச் சக்கரம் மவுண்ட்ல இருக்கிற விமானம் ஒண்ணு. ஒரே வாரத்துல ஸ்பின்னர் இறங்கிடுச்சு. ரப்பர் பழசுதானேன்னு புது செட் வரவழைச்சுப் போட்டோம். போட்ட பிறகும் அதே இடத்துலதான் நின்னுச்சு. பெயின்ட்டை சுரண்டிப் பார்த்தா, மவுண்ட்டோட கீழ் குழாய்ல வெல்டிங் ஓரமா முடி மாதிரி ஒரு வெடிப்பு. யாரோ முரட்டுத்தனமா இறக்கியிருக்காங்க, பதிவேட்டுல ஒரு வரி இல்ல. அன்னைக்கு நாங்க ரப்பருக்குப் பதிலா வாஷர் போட்டு ஸ்பின்னரை நேராக்கியிருந்தா, அந்த வெடிப்பைக் காட்டிக்கொடுத்த ஒரே அடையாளத்தையும் நாங்களே அழிச்சிருப்போம். அதை நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

அதனால ஒண்ணு கேட்டுக்குங்க: இது எத்தனை நாள்ல இறங்குச்சு? வருஷக்கணக்குல மெல்ல மெல்ல இறங்கினா ரப்பர். திடீர்னு இறங்கினா ரப்பர்னு நம்பாதீங்க.

சரி, ரப்பர்தான்னு உறுதியாயிடுச்சு. ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவுல பிரிஞ்சிருக்கு, ஓரம் பிதுங்கியிருக்கு, வெடிச்சிருக்கு. அப்ப மாத்துறதுதான் வழி, அதுவும் முழு செட்டா. எஞ்சினை மேல இருக்கிற தூக்கு வளையத்துல ஹாய்ஸ்ட் மாட்டிப் பாரத்தை வாங்கிக்கிட்டு, போல்ட்டை ஒவ்வொண்ணா கழட்டணும். இதுல ஒரு கண்ணி இருக்கு. பல செட்ல ரெண்டு பாதி ரப்பரும் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும், ஆனா ஒண்ணு கெட்டி, ஒண்ணு மிருது. பாரம் அழுத்துற பக்கம் கெட்டியானது வரணும்: மேல் போல்ட்டுல ஃபயர்வால் பக்கம், கீழ் போல்ட்டுல எஞ்சின் பக்கம். மாத்திப் போட்டா புது ரப்பர்லயே முதல் நாள்ல இருந்து எஞ்சின் தொங்கும். பார்ட் நம்பரைப் பார்த்துப் போடுங்க. 172-ல காலத்துக்கு ஏத்த மாதிரி எஞ்சின் மாறியிருக்கு, 1956-ல வந்தது கான்டினென்ட்டல், 1968 மாடல்ல இருந்து லைகமிங். மவுண்ட்டும் அதுக்கேத்த மாதிரி வேற. உங்க விமானத்தோட புத்தகம் சொல்றதுதான் கணக்கு, போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்ங்கிற டார்க் அளவும் அதுதான்.

இப்ப வாஷர். சீனியர் சொன்னது முழுத் தப்பு இல்ல. கீழ் மவுண்ட்ல, எஞ்சின் பக்கத்து ரப்பருக்கும் மவுண்ட் வளையத்துக்கும் நடுவுல வாஷர் வச்சா, எஞ்சினோட கீழ்ப்பக்கம் முன்னாடி தள்ளப்பட்டு மூக்கு தூக்கும். சொந்தமா விமானம் கட்டுறவங்க, ஆர்.வி. மாதிரி கிட் கட்டுறவங்க, இதைப் பண்றது உண்டு. புது ரப்பர் கொஞ்சம் இறங்கும்னு தெரிஞ்சு, முதல்லயே ஸ்பின்னரை ரெண்டு மில்லிமீட்டர் உயரமா வச்சு கவுலிங் பொருத்துறவங்களும் இருக்காங்க. அது கட்டுறவங்களோட முன்யோசனை. ஆனா 172 சான்றிதழ் பெற்ற விமானம். பராமரிப்புப் புத்தகமோ வேற அங்கீகரிக்கப்பட்ட ஆவணமோ எத்தனை கனம், எந்த இடத்துலன்னு சொன்னாத்தான் வைக்கலாம். வாஷர் வைக்க வைக்க ரப்பர் இன்னும் நசுங்கும். நசுங்கி அமுங்கின ரப்பர் அதிர்வைத் தாங்காது, நேரா ஃபயர்வாலுக்கு அனுப்பும். செத்த ரப்பருக்கு முட்டுக் கொடுக்கிறதுக்கு வாஷர் வைக்கிறதுல எனக்குச் சம்மதமே இல்ல.

கடைசியா, ஆபத்தான்னு கேட்டீங்க. அரை டிகிரி சாய்வைப் பைலட் கையில உணர மாட்டார். அதுக்காக நான் பயப்படல. எஞ்சின் இறங்கும்போது கூடவே இறங்குற மத்ததுக்காகத்தான் பயம். எக்ஸாஸ்ட் குழாய் கீழ் கவுலிங்ல தொடும். த்ராட்டில், மிக்ஸ்ச்சர் கேபிள்கள் வளையற விதம் மாறும். எரிபொருள் குழாய், எண்ணெய்க் குழாய் எங்கேயாவது உரச ஆரம்பிக்கும். மேல பேஃபிள், அதாவது காத்தை சிலிண்டர் பக்கம் திருப்புற தடுப்புத் தகடு, அதோட ரப்பர் ஓரம் கவுலிங்கை விட்டு விலகினா, சிலிண்டர் வழியாப் போக வேண்டிய காத்து மேலேயே தப்பிச்சுப் போயிடும், சிலிண்டர் சூடேறும். ஸ்பின்னரோட பின் தட்டு கவுலிங்கைத் தொட்டா அறுத்துடும்.

அதனால நாளைக்கு ஹேங்கர் போனதும் உங்க இன்ஜினியரைக் கூப்பிட்டு, கவுலிங்கைத் திறந்து உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்கம்மா. எக்ஸாஸ்ட் பக்கத்துல கருகின தடம், குழாய் மேல பளபளன்னு தேய்ஞ்ச இடம், கவுலிங் ஓரத்துல வட்டமா ஒரு கீறல், இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கு அந்த விமானம் வெளிய போகக் கூடாது. ஒண்ணும் இல்லைன்னா, இடைவெளியை நாலு பக்கமும் அளந்து தேதி போட்டு எழுதி வைங்க. அடுத்த ஆய்வுல திரும்ப அளந்தா, அது நின்னுடுச்சா, இன்னும் இறங்குதான்னு தெரிஞ்சிடும்.