ஆங்கிலச் சொல்லும் குளத்துக் கருவையும்

(பாளையங்கோட்டையில் ஓர் ஆங்கிலப் பயிற்சி வகுப்பின் நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்ததோடு காப்பிச் செலவையும் ஏற்றுக்கொண்ட அண்ணாச்சி அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட வங்கி மேலாளர் அவர்களே, கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் கூட்டம் என்றால் குறித்த நேரத்துக்கு வருகிறவர். இன்றும் வந்துவிட்டார். நாம்தான் வரவில்லை. அதற்காக அவரிடம் எல்லோர் சார்பிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணாச்சிக்குத் துண்டு போர்த்துவது விட்டுப்போயிற்று என்று இப்போது சீட்டு வந்திருக்கிறது. நன்றியுரையில் போர்த்திவிடுவார்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘விலங்குகளைப் பற்றிய உயர்நிலை ஆங்கிலச் சொற்கள்’. மூன்று பகுதிகளாகப் பேசுவேன். கூட்டப் பெயர்கள் முதலில். அடுத்தது விலங்கின் வீடும் குட்டியும். மூன்றாவது, விலங்கின் பெயரிலிருந்து பிறந்த வினைச்சொற்களும் பெயரடைகளும்.

எங்கள் அம்மைக்கு ஒரு பழமொழி உண்டு. கடைக்கு அனுப்பினாலும் சொல்வாள், கல்யாணத்துக்கு அனுப்பினாலும் சொல்வாள்: ‘ஆடு மேய்த்தது போலவும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்தது போலவும் ஆயிற்று.’ ஒரு நடையில் இரண்டு காரியம். மொழி படிப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நம் பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஆக்ஸ்போர்டின் பெயரிலேயே ஒரு விலங்கு நிற்கிறது. ஆக்ஸ் என்றால் எருது, போர்டு என்றால் ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறை. எருதுகள் கடந்த துறை, அவ்வளவுதான். நம் தாமிரபரணிக் குறுக்குத்துறையில் மாடு குளிப்பாட்டுகிறவரைப் பார்த்து நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

முதல் பகுதிக்கு வருகிறேன். சிங்கக் கூட்டத்துக்கு ‘பிரைட்’, ஆந்தைக் கூட்டத்துக்கு ‘பார்லிமென்ட்’, காகக் கூட்டத்துக்கு ‘மர்டர்’. ஆமாம், கொலை என்கிற அதே மர்டர்தான். இந்த மூன்றாவது சொல்லால் திருநெல்வேலி டவுணில், மேலரத வீதிக்குப் பின்னால் ஒரு தெருவில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு பையன். ஆங்கிலத்தில் கெட்டிக்காரன், புதுச்சொல் ஒன்று கிடைத்தால் அன்றைக்கே செலவழித்துவிடுவான். சித்திரை வெயிலில் அவன் ஆச்சி மாடியில் கூழ்வற்றல் காயப்போட்டிருக்கிறாள். காகங்கள் விடவில்லை. காவலுக்கு ஆள் வேண்டும். உடனே பையன் சிறப்பு வகுப்புக்கு விடுப்புக் கடிதம் எழுதித் தம்பியிடம் கொடுத்தனுப்பிவிட்டான். ‘எங்கள் வீட்டு மாடியில் ஒரு மர்டர் ஆஃப் குரோஸ் இருப்பதால் என்னால் வர இயலாது’ என்று ஆங்கிலத்தில் வாசகம். கையெழுத்தோ கோழி கிளறியது. ஆசிரியருக்கு ‘மர்டர்’ வரைக்கும்தான் படிக்க முடிந்தது. மாடி என்பதும் புரிந்தது. தம்பியை விசாரிக்கலாம் என்றால், அவன் கடிதத்தைக் கொடுத்த கையோடு ஐஸ் வாங்க ஓடிவிட்டான்.

ஆசிரியர் சைக்கிளை எடுத்தார். தனியாகப் போகக் கூடாது என்று உடற்பயிற்சி ஆசிரியரைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். இவர்கள் போகிற வேகத்தைப் பார்த்து வழியில் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். நம் ஊரில் அதற்குச் சொல்லித்தர வேண்டுமா? மாடிக்குப் போனால் கறுப்புக் குடை பிடித்து, கையில் கம்போடு ஆச்சி உட்கார்ந்திருக்கிறாள்.

“என்ன ஆச்சி நடந்தது?”

“வாருங்கள் சார்வாள். காலையிலிருந்து ஒரே தொல்லை. இரண்டு பேரை விரட்டினால் நாலு பேர் வந்து நிற்கிறார்கள்.”

“நீங்கள் என்ன செய்தீர்கள்?”

“என்ன செய்வது? ஒருவன் மண்டையில் கம்பால் ஒன்று போட்டேன். அவன் அதற்குப் பிறகு வரவில்லை.”

ஆசிரியருக்குக் கால் நடுங்கிவிட்டது. உடற்பயிற்சி ஆசிரியர் பாதிப் படி இறங்கிவிட்டார். “பேரன் எங்கே ஆச்சி?” என்று கேட்டால், “அவன் அந்தப் பக்கம் நின்று கல்லெறிகிறான், நல்ல குறி” என்கிறாள். கீழே நின்ற கூட்டத்தில் ஒருவர் போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்கிறபோது, கைப்பிடிச் சுவரில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ஒரு வற்றலைத் தூக்கிக்கொண்டு பறந்தது. “இவன்தான் சார்வாள், போட்டதற்கும் புத்தி வரவில்லை” என்றாள் ஆச்சி. வந்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிடி வற்றல் கிடைத்ததாகக் கேள்வி. விடுப்பும் கிடைத்தது. ஆடு மேய்த்தது போலவும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்தது போலவும் ஆயிற்று!

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1486-இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு வேட்டை நூலில் இப்படிப்பட்ட கூட்டப் பெயர்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. பாதி வேட்டைப் பிரபுக்களின் பெருமைக்கு, பாதி விளையாட்டுக்கு. இன்றைக்குச் சாதாரண ஆங்கிலேயர் காகக் கூட்டத்தை ‘ஃபிளாக்’ என்றுதான் சொல்வார். ‘ஃபிளாக்’, ‘ஹெர்ட்’, ‘பேக்’, ‘ஸ்வார்ம்’ ஆகிய நான்கும் கைக்கு வந்தால் போதும். பறவைக்கும் ஆட்டுக்கும் ஃபிளாக், மாட்டுக்கும் யானைக்கும் ஹெர்ட், செந்நாய்க்கும் ஓநாய்க்கும் பேக், தேனீக்கு ஸ்வார்ம். மற்றவை வினாடி வினாப் போட்டிக்கு ஆகும்.

இரண்டாவது பகுதி. அணிலின் கூடு ‘டிரே’. நம் தாமிரபரணியில் இருக்கிற நீர்நாயின் வளை ‘ஹோல்ட்’. காட்டுமுயலின் குட்டி ‘லெவரட்’, அன்னக்குஞ்சு ‘சிக்னெட்’. இத்தனை சொல்லா என்று மலைக்காதீர்கள். தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்கள் மட்டும் ஒன்பது சொல்லியிருக்கிறார்: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. அவற்றில் நம் வீட்டில் இன்றைக்கு எத்தனை புழங்குகின்றன என்று நான் கேட்கப்போவதில்லை. தமிழாசிரியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

பறவைச் சொற்களை மட்டும் அகராதியில் படிக்காதீர்கள். நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்குப் போங்கள். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், இன்று உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. நாரையும் கூழைக்கடாவும் கூட்டமாகக் கூடு கட்டும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹெரன்ரி’ என்று பெயர். அங்கே அது ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்திலேயே இருக்கிறது. ஓர் ஈட்டு முட்டை ‘கிளட்ச்’. கூட்டைவிட்டு வெளிவராத குஞ்சு ‘நெஸ்ட்லிங்’. இறகு முளைத்துப் பறக்கப் பழகுவது ‘ஃபிளெட்ஜ்லிங்’. தாய்நாரை மீனைக் கக்கி ஊட்டுவது ‘ரிகர்ஜிடேட்’. அந்தி சாய்ந்ததும் மரத்தில் வந்து அடைவது ‘ரூஸ்ட்’. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்து ‘மைகிரன்ட்’, இங்கேயே கூடு கட்டுகிற மஞ்சள் மூக்கு நாரை ‘ரெசிடென்ட்’. ஒரு காலை நேரத்தில் இவ்வளவும் கண்ணால் படித்துவிடலாம். அந்த ஊர்க்காரர்கள் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. குளத்தில் எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு உரமாக அள்ளுகிறார்கள். பறவையையும் காத்து விளைச்சலையும் பார்த்துக்கொள்ளும் அவர்களுக்கு எங்கள் அம்மையின் பழமொழியை யாரும் சொல்லித்தரவில்லை.

பள்ளிக்கூடத்தில் குளிர்கால உறக்கமான ‘ஹைபர்னேஷன்’ மட்டும் சொல்லித்தருகிறார்கள். நம் குளம் வற்றும்போது சேற்றுக்குள் முடங்கும் நத்தைக்கும் தவளைக்கும் உரிய சொல் ‘எஸ்டிவேஷன்’, கோடை உறக்கம். பனி பெய்யாத ஊரில் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது அதைத்தான்.

குளம் என்று சொல்லிவிட்டேன். இனி என்னால் நிறுத்த முடியாது, தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். நம் மாவட்டத்துக் குளங்களுக்குள் நிற்கும் நாட்டுக்கருவை மரங்களில்தான் இந்த நாரைகள் கூடு கட்டுகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய சீமைக்கருவையை வெட்டுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் எங்கள் பக்கத்துக் குளம் ஒன்றில் ஜேசிபி இறங்கியபோது நாட்டுக்கருவைக்கும் சீமைக்கருவைக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. நெஸ்ட்லிங்கும் ஃபிளெட்ஜ்லிங்குமாகக் கரையெல்லாம் கிடந்தன. எந்த அலுவலகம் ஏலம் விட்டது என்று இந்த மேடையில் சொல்லமாட்டேன். கூடு இருக்கிற மரத்தை, குஞ்சு பறக்கிற வரைக்கும் விட்டுவையுங்கள் என்பது மட்டும்தான் கோரிக்கை. மரம் எங்கும் ஓடிவிடாது, ஏலத்தைச் சில மாதங்கள் தள்ளிவைத்தால் காசும் குறையாது.

மூன்றாவது பகுதிக்கு நேரமில்லை என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பெயரடைகளை விட்டுவிடுகிறேன். வினைச்சொற்களில் மூன்று மட்டும். மூன்றும் விலங்குப் பெயர்கள்: பேட்ஜர் வளை தோண்டும் ஒரு விலங்கு, ஹவுண்ட் வேட்டைநாய், ஃபெரட் முயல் வேட்டைக்குப் பழக்கும் கீரி போன்ற சிறு விலங்கு. ‘டு பேட்ஜர்’ என்றால் விடாமல் நச்சரிப்பது. ‘டு ஹவுண்ட்’ என்றால் துரத்தித் துரத்திப் போவது. ‘டு ஃபெரட் அவுட்’ என்றால் கிண்டிக் கிளறி உண்மையை வெளியே எடுப்பது. எந்த மரத்துக்கு என்றைக்கு ஏலம் என்பதை நாங்கள் கிண்டி எடுத்துவிட்டோம். நச்சரிப்பதும் துரத்துவதும் இனி உங்கள் பங்கு.

வருகிற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் காப்பி மேசைக்குப் பக்கத்தில் மனு இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் தங்கள் ஊர்க் குளத்தின் பெயரையும் அதில் கூடு கட்டும் பறவையின் பெயரையும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி, தமிழில் எழுதினாலும் சரி, அந்தக் கூழ்வற்றல் பையனைப் போல எழுதாமல் படிக்கும்படியாக எழுதுங்கள். வணக்கம்.