உருளைக்கிழங்கு போட வச்ச மேயர்: டெட்ராய்ட் ஹேசன் பிங்ரீ

1894, டெட்ராய்ட். முந்தின வருஷம் அமெரிக்கா முழுக்க பேங்க் விழுந்து ஃபேக்டரிய மூடி, போலந்து ஜெர்மனில இருந்து பொழைக்க வந்த குடும்பமெல்லாம் கையில காசில்லாம நிக்குது. ஊரைச் சுத்தி காலி மனை ஏக்கர் கணக்குல புல்லு மண்டிக் கெடக்கு, வெலை ஏறட்டும்னு ஓனருங்க போட்டு வச்ச நெலம். மேயர் பிங்ரீ ஓனருங்ககிட்ட கேட்டது ஒண்ணுதான், அதுவரைக்கும் இந்த ஜனங்க அதுல பயிர் வச்சுக்கட்டுமே!

விதைக்கிழங்கு வாங்கப் பணம் வேணுமே, சர்ச்சுகள்ல கேட்டாரு, வந்தது ரொம்பக் கம்மி. உடனே தன்னோட சொந்தக் குதிரைய ஏலம் விட்டு அந்தக் காசைப் போட்டாரு பாருங்க, எனக்கு இவரைப் புடிச்சுப் போனதே இந்த எடத்துலதான். முதல் வருஷமே சுமார் 430 ஏக்கர்ல 945 குடும்பம் உருளைக்கிழங்கு, பீன்ஸ், டர்னிப்னு எடுத்தாங்க, கிண்டல் பண்ண ஊருங்களே அப்புறம் இதைக் காப்பி அடிச்சுது.

இத்தனைக்கும் இவரு பெரிய ஷூ கம்பெனி முதலாளி. சின்ன வயசுல தோல் வெட்டுற வேலை, உள்நாட்டுப் போர்ல எதிரிகிட்ட மாட்டி ஆண்டர்சன்வில் சிறைமுகாம், அப்புறந்தான் டெட்ராய்ட் வந்து பார்ட்னரோட கம்பெனி. 1889ல ரிபப்ளிகன் கட்சிப் பணக்காரங்க 'நம்மாளு'ன்னு நம்பித்தான் இவரை மேயர் தேர்தல்ல நிறுத்துனாங்க, ஆனா 1891ல ட்ராம் தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணப்ப, மாநிலப் படையக் கூப்பிடுங்கன்னு ட்ராம் கம்பெனி சொல்ல, இவரு முடியாதுன்னுட்டாரு. அங்கருந்து ட்ராம் டிக்கெட் 5 சென்ட் இல்ல 3 சென்ட் போதும்னு வருஷக்கணக்கா சண்டை, எரிவாயு ரேட்டைக் கொறைக்க வச்சாரு, தெருவிளக்குக்கு நகராட்சியே சொந்தமா கரன்ட் தயாரிச்சுது. லஞ்சம் வாங்குன ஸ்கூல் போர்டு மெம்பருங்களை மீட்டிங்லயே வச்சு போலீஸ்கிட்ட புடிச்சுக் குடுத்தாரு! பழைய பணக்கார சிநேகிதங்க மூஞ்சி திருப்பிக்கிட்டாங்க, ஜனங்க நாலு தடவை ஜெயிக்க வச்சாங்க.

1896ல டெட்ராய்ட் இருக்குற மிச்சிகன் மாநிலத்துக்கு கவர்னராவும் ஜெயிச்சு, ரெண்டு பதவியையும் வச்சுக்கப் பாத்தாரு. எனக்குத் தெரிஞ்சு அது தப்புதான், கோர்ட்டும் கூடாதுன்னு சொல்ல மேயர் நாற்காலிய விட்டாரு. கவர்னராகி ரயில் கம்பெனிங்க ஒழுங்கா வரி கட்டணும்னு மல்லுக்கட்டி, 1901ல லண்டன்ல எறந்துட்டாரு. கிராண்ட் சர்க்கஸ் பார்க்ல நாற்காலில உக்காந்த மாதிரி செலை இருக்கு, 1904ல ஊரு ஜனங்க காசு போட்டு வச்சது.