சாலை இடிந்த அன்று ரயில் இருந்தது

அவையோருக்கு வணக்கம்.

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டக்கோனி என்ற பகுதி. பெட்ரோல் ஏற்றி வந்த டேங்கர் லாரி ஒன்று, ஐ-95 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் கவிழ்ந்து, மேம்பாலத்துக்கு நேர் அடியில் தீப்பிடித்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். இரும்பு உத்தரங்கள் சூட்டில் வலுவிழந்து, வடக்கு நோக்கிச் செல்லும் பாதை சரிந்து விழுந்தது. தெற்கு நோக்கிய பாதையும் தாங்காது என்று அதையும் இடித்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 1,60,000 வண்டிகள் ஓடிய சாலை அது.

அதை 12 நாளில் திறந்துவிட்டார்கள்! பழைய கண்ணாடியை மறுசுழற்சி செய்து நுரைக்கல் போல ஆக்கிய எடை குறைந்த பொருளைப் பள்ளத்தில் கொட்டி நிரப்பினார்கள். அதன்மேல் ஆறு தடங்களுக்குத் தார் போட்டார்கள். மழை குறுக்கிட்டபோது, கார்ப் பந்தயத் தளத்தை உலர்த்தும் ஜெட் எந்திரத்தையே வரவழைத்தார்கள். இரவு பகல் பாராமல் உழைத்த அந்தத் தொழிலாளர்களை உலகமே பாராட்டியது. நானும் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த 12 நாளும் மக்கள் எப்படி வேலைக்குப் போனார்கள்? அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அந்த நெடுஞ்சாலையை ஒட்டியே டிரென்டன் புறநகர் ரயில் தடம் போகிறது. டக்கோனியிலேயே அதற்கு ஒரு நிலையம் உண்டு. நகரின் போக்குவரத்து நிறுவனமான செப்டா, டிரென்டன், மேற்கு டிரென்டன், ஃபாக்ஸ் சேஸ் ஆகிய மூன்று தடங்களில் உடனே இடவசதியைக் கூட்டியது. சில நிலையங்களில் வண்டி நிறுத்தக் கட்டணத்தை நீக்கியது. இதை எப்படிச் செய்ய முடிந்தது? தண்டவாளம் ஏற்கெனவே இருந்தது. பெட்டி இருந்தது. ஓட்ட ஆள் இருந்தார்.

சாலை அடைபட்டால் எல்லாரும் ரயிலேறிவிடுவார்கள் என்று நினைக்கக் கூடாது, நண்பர்களே. பலர் பக்கத்துத் தெருவுக்குள் வண்டியைத் திருப்புகிறார்கள். சிலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். நிலையத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா, வேலை முடிந்து நேரங்கழித்துத் திரும்ப ரயில் உண்டா என்று தெரியாதவர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே காரைத்தான் எடுப்பார். பேருந்தின் நிலை இன்னும் மோசம். சாலை விழுந்தால் அந்த வழியே போகும் பேருந்தும் கூடவே மாட்டிக்கொள்கிறது. தனக்கென்று தனி வழி வைத்திருக்கும் போக்குவரத்துதான் அன்றைக்குக் கைகொடுக்கும்.

இதற்கு 1989-ஐவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு அக்டோபர் 17 மாலை, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. ஓக்லாந்தில் சைப்ரஸ் ஈரடுக்கு மேம்பாலம் இடிந்து 42 பேர் இறந்தார்கள். விரிகுடாவைக் கடக்கும் பெரிய பாலத்தில் மேல் தளத்தின் ஒரு பகுதி கீழ்த் தளத்தின்மேல் விழுந்தது. ஒரு மாதம் பாலத்தில் ஒரு வண்டிகூட ஓடவில்லை.

கடலடியில் அந்தப் பகுதியின் நகர ரயிலான பார்ட்டின் சுரங்கம் இருந்தது. அது தாங்கி நின்றது. சோதித்துப் பார்த்து, சில மணி நேரத்தில் ரயிலை விட்டார்கள். பிறகு இரவு முழுவதும் ஓட்டினார்கள். நாளுக்கு 2 லட்சத்துச் சொச்சம் பேர் ஏறிய ரயிலில் 3 லட்சத்துக்கும் மேல் ஏறினார்கள். அந்த ரயில் அமைப்புக்குக் கடன் பத்திரம் வெளியிட மக்கள் வாக்களித்தது 1962-ல். 27 ஆண்டு முன்பு எடுத்த முடிவு ஒரு மாநகரத்தை நடமாட வைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பாலத்தின் கீழ்த் தளத்தில் 1939 முதல் ரயில் ஓடியது. 1958-ல் அதை நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்து, கார்களுக்கு இடம் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக விரிகுடாவைக் கடந்த பயணிகள் படகும் அதே ஆண்டில் நின்றது. 1989-ல் பாலம் உடைந்ததும் ஓடோடிப்போய்ப் படகுகளைத் தேடிப் பிடித்தார்கள். ஓக்லாந்து, அலமீடா படகுச் சேவை அப்படி மீண்டும் வந்தது. பாலம் திறந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. இன்றும் மக்கள் அதில் போகிறார்கள்.

1994-ல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் நெடுஞ்சாலைச் சந்திப்பு இடிந்தபோதும் இதுவே நடந்தது. அங்குள்ள மெட்ரோலிங்க் என்ற புறநகர் ரயில் தொடங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. லாங்காஸ்டர், பாம்டேல் ஊர்களுக்கு அவசர அவசரமாக நிலையம் அமைத்தார்கள். சாலை சீரானதும் கூட்டத்தில் பெரும்பகுதி காருக்குத் திரும்பிவிட்டது. ஆனால் நிலையங்கள் நிலைத்தன.

மறுபடி பிலடெல்பியாவுக்கு வருகிறேன். சாலையைக் கட்ட மத்திய அரசின் அவசர நிதி கிடைத்தது. ஆளுநர் முன்னின்றார். கட்சி பார்க்காமல் எல்லாரும் கை கொடுத்தார்கள். ரயிலுக்கு என்ன கிடைத்தது? 2025 ஏப்ரலில் செப்டா ஒரு பட்டியலை வெளியிட்டது. 213 மில்லியன் டாலர் பற்றாக்குறை. மாநிலம் பணம் தராவிட்டால் ஐந்து புறநகர் ரயில் தடங்களை மூட வேண்டிவரும் என்றது. அந்த ஐந்தில் ஒன்று டிரென்டன் தடம். சாலை இடிந்தபோது சுமந்த அதே தடம்! எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருடம்கூட ஆகவில்லையே.

ஆகஸ்டில் பல பேருந்துகளை நிறுத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் மருத்துவமனைப் பணியாளர்களும் தெருவில் நின்றார்கள். வழக்கு நடந்தது. செப்டம்பரில், பராமரிப்புக்கும் புதிய வண்டிகளுக்கும் வைத்திருந்த மூலதன நிதியை இரண்டு ஆண்டுக்கு அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொள்ள மாநிலம் அனுமதித்தது. சேவை திரும்பியது. ஆனால் எந்தப் பணத்தை எடுத்தார்கள் என்று கவனியுங்கள். அங்கே ஓடும் ரயில் பெட்டிகளில் பெரும்பங்கு 1970-களில் வாங்கியவை. அதே 2025-ல் அவற்றில் அடுத்தடுத்துத் தீப்பிடித்து, அவற்றைச் சோதிக்க மத்திய அரசு உத்தரவிட வேண்டிவந்தது. மாற்ற வேண்டிய பெட்டிகளுக்கான பணத்தை டீசலுக்கும் சம்பளத்துக்கும் செலவழித்தால், அடுத்த முறை நெடுஞ்சாலையில் விபத்து நடக்கும்போது கூடுதலாகச் சேர்க்கப் பெட்டி எங்கிருந்து வரும்?

அந்த இரண்டு ஆண்டு 2027-ல் முடிகிறது. அதற்குள் நிரந்தர நிதி வராவிட்டால், டிரென்டன் தடத்தின் பெயர் மீண்டும் அந்தப் பட்டியலில் ஏறும்.

நன்றி, வணக்கம்.