டயாலிசிஸ் படுக்கையில் சைக்கிள்! பாட்டு போட்டால் இதயத்துக்கு என்ன ஆகும்?

[திரையில்: டயாலிசிஸ் படுக்கை. போர்வைக்கு வெளியே இரண்டு கால்கள் பெடல் மிதிக்கின்றன.]

கையில் ஊசி, பக்கத்தில் மெஷின், ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. கால் மட்டும் ஜாலியாக சைக்கிள் மிதிக்கிறது. எடிட்டிங் எல்லாம் இல்லை, பல நாடுகளில் நிஜமாகவே செய்கிறார்கள்.

வணக்கம்! காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கமிருந்து பார்க்கிறவர்கள் ஒரு லைக் போட்டுவிடுங்கள்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷின் சுத்தம் செய்வதுதான் டயாலிசிஸ். பெரும்பாலும் வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். இடைப்பட்ட நாளில் குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்கும், பிரஷர் ஏறும், அதை எதிர்த்துத் தள்ளியே இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப் போகும். நம் ஊர் மோர்மிளகாயும் ஊறுகாயும் தாகத்தைக் கூட்டி இதை இன்னும் மோசமாக்கும். அதற்குத் தனி வீடியோ வரும், ஆச்சிமார்கள் திட்ட வேண்டாம்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 130 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2021இல் வெளியானது. ஒரு பிரிவினர் டயாலிசிஸ் ஓடும்போதே வாரம் 3 முறை, அரை மணி நேரம் மிதித்தார்கள். 6 மாதம் கழித்து எம்ஆர்ஐ எடுத்தால், மிதிக்காதவர்களோடு ஒப்பிட அவர்களுடைய இடது கீழறையின் எடை சராசரியாக 11 கிராம் குறைந்திருந்தது. 11 கிராமெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்காதீர்கள். செட்டிநாட்டுக்காரருக்குப் பவுன் கணக்கில் சொன்னால்தான் உறைக்கும்: ஒன்றேகால் பவுனுக்கும் மேல்! இதயத்திலிருந்து அவ்வளவு வீண் சதை இறங்கியிருக்கிறது.

சரி, பாட்டு எங்கே வந்தது? எனக்குப் பிடித்த இடமே இதுதான். 11 கிராமைக் குறைத்தது கால்தான். ஆனால் அந்தக் காலை அரை மணி நேரம் ஓயாமல் ஓட வைக்க வேண்டுமே! ஆரோக்கியமானவர்களை சைக்கிள் மிதிக்க வைத்து 2012இல் வந்த ஓர் ஆய்வில், பாட்டின் தாளத்தோடு கால் சேர்ந்தபோது, தாளம் கொஞ்சம் பின்தங்கியபோது ஆனதைவிட 7% குறைவான ஆக்சிஜனே செலவானது. அதே மிதி, குறைந்த செலவு. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் இதை ஆராய்ச்சி இல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். பாட்டும் அரோகராவும் இல்லாமல் அந்த நடையை நினைத்துப் பாருங்கள்!

பாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய கணக்கு. நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் இடது, வலது சேர்த்து 100 மிதி. அப்போ நிமிடத்துக்கு 100 தட்டு விழும் பாட்டு போதும். கல்யாண வீட்டுக் கெட்டிமேளம் வேண்டவே வேண்டாம், மூச்சு வாங்கிவிடும்.

[திரையில்: பெடல் மிதித்துக்கொண்டே பாட முயன்று தொகுப்பாளர் திணறுகிறார்.]

வேகம் சரியா என்று பார்க்க மெஷின் தேவையில்லை. மிதித்துக்கொண்டே பக்கத்துப் படுக்கை ஐயாவிடம் பேச முடிகிறது, ஆனால் கூடவே பாட முடியவில்லை என்றால் அதுதான் சரியான அளவு. முழுப் பாட்டையும் பாட முடிகிறதா? இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம். பேச்சே வரவில்லையா? உடனே குறையுங்கள். ‘என் குரலே அப்படித்தான்’ என்பவர்களுக்கு இந்தச் சோதனை செல்லாது.

இப்போது கொஞ்சம் சீரியஸ். டாக்டர் சரி என்று சொல்லாமல் யாரும் ஆரம்பிக்காதீர்கள். முதல் 2 மணி நேரத்துக்குள் மிதிப்பதுதான் வழக்கம். நீர் எடுக்க எடுக்கப் பிற்பாடு பிரஷர் இறங்கலாம். ஊசி குத்தியிருக்கும் கை அசையக் கூடாது, தாளம் போட ஆசை வந்தால் மற்ற கை இருக்கிறது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், மெஷின் அலாரம் உங்களுக்கும் கேட்கட்டும்.

100 தட்டுக்குப் பொருந்தும் பாட்டு உங்களுக்குத் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டியலாகப் பின் செய்கிறேன்.