சின்ன டிராக்டருக்கு எந்த டயர்?

நேயர்களுக்கு வணக்கம். நான் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து வந்திருக்கிறேன். பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரைச் சொன்னால்தான் நம்மில் பலருக்குப் பிடிபடும். 1917-ல் மலேசியாவிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, போட்டது எங்கள் பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட்டில்தான். தென்னையின் பெயர் கொண்ட தோட்டத்தில் செம்பனை வந்தது! சரி, விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டேட் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். இப்போது சொந்தமாக ஒரு சின்ன டிராக்டர் வைத்து, சிறு தோட்டக்காரர்களுக்குச் செம்பனைக் குலை ஏற்றிக் கொடுக்கிறேன். என்னிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, டயர் மாத்தணும். ரேடியல் போடலாமா, பழைய மாதிரியே பயஸ் போடலாமா?"

இரண்டுக்கும் வித்தியாசம் உள்ளே இருக்கும் நூலில் இருக்கிறது. பயஸ் டயரில் நூல் அடுக்குகள் சாய்வாக, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும். கீற்று முடைவதை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவரும் தரையில் படும் பாகமும் ஒரே முடைசல் என்பதால் டயர் முழுக்க விறைப்பாக இருக்கும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். அதன் மேல், பீப்பாய்க்குப் போட்ட பட்டை மாதிரி, சுற்றிலும் தனிப் பட்டைகள் இருக்கும். அதனால் பக்கச்சுவர் இளகிக் கொடுக்கும், அடிப்பாகம் தரையில் தட்டையாகப் படியும்.

மழை விட்ட மறுநாள் காலை ஈரமண்ணில் இரண்டு வண்டிகளின் தடத்தையும் குனிந்து பாருங்கள். ஒரே அளவு டயர், ஒரே பாரம் என்றால் ரேடியலின் தடம் நீளமாக விழுந்திருக்கும், டயரின் மேல் புடைத்து நிற்கும் கட்டைகள் கூடுதலாக மண்ணைப் பிடித்திருக்கும். பயஸ் தடம் சின்னதாக, ஆழமாக இருக்கும். ரேடியல் வழுக்குவது குறைவு, டீசல் செலவு குறைவு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். மண் இறுகுவதும் குறையும். செம்பனையின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் ஓடுகின்றன. அந்த மண் கல்லாக இறுகினால் உரம் போட்டும் பயன் இல்லை.

அப்படியானால் ரேடியலே போட்டுவிடலாமே என்று தோன்றும். நம் செம்பனை மர நிரைகளுக்குள் இறங்கிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். அறுவடை ஆன பாதையில் வெட்டிப்போட்ட மட்டைகள் கிடக்கும். மட்டையின் அடியில் இரண்டு பக்கமும் முள். காய்ந்த பிறகு அது ஆணிதான். சாய்வாக வெட்டிய மட்டையின் முனை கத்தி மாதிரி நிற்கும். வண்டி திரும்பும்போது அது குத்துவது டயரின் பக்கத்தில். ரேடியலின் மெல்லிய பக்கச்சுவர் கிழிந்தால் பெரும்பாலும் அந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பயஸ் தாங்கும், சின்னக் காயம் என்றால் ஒட்டுப் போட்டு ஓட்டலாம். இதை நான் கையால் செய்து பார்த்தவன். ஒருமுறை ஒரு பின் டயரிலிருந்து குறடு வைத்து பதினொரு முட்கள் எடுத்தேன். அந்த டயர் அப்புறமும் நிறைய நாள் ஓடியது.

இன்னொன்று, அளவு. சின்ன டிராக்டரின் ரிம்முக்கு ரேடியல் கிடைப்பதே அரிது. டயரில் 8.3-20 என்று நடுவில் கோடு இருந்தால் பயஸ். 12.4ஆர்24 என்று நடுவில் ஆர் இருந்தால் ரேடியல். அதே அளவை 320/85ஆர்24 என்றும் எழுதியிருப்பார்கள். குழம்ப வேண்டாம். பக்கத்தில் 6பிஆர், 8பிஆர் என்று இருப்பது பலத்தைச் சொல்வது. உள்ளே அத்தனை அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

நான் பட்ட ஒரு கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பெரிய வண்டி ஒன்று வைத்திருந்தபோது வலது பின் டயர் வெடித்துவிட்டது. பறித்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். கடையில் ரேடியல் ஒன்றுதான் இருந்தது. அளவு ஒன்றுதானே என்று மாட்டினேன். இடது பக்கம் பயஸ், வலது பக்கம் ரேடியல். வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தது. பாரத்தோடு வாய்க்கால் பாலம் ஏறும்போது ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உயிர் போய் வந்தது. ஒரே அச்சில் இரண்டு வகையைக் கலக்கவே கலக்காதீர்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் இன்னும் கவனம். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரு கணக்கில் சுற்றும்படி கியர் அமைத்திருப்பார்கள். பின்னால் மட்டும் வேறு சுற்றளவில் டயர் போட்டால், சேற்றில் வழுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் கியர்பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

என் அபிப்பிராயம் இது. நிரைக்குள் மெதுவாக ஓடி, குலையைப் பாதை ஓரம் கொண்டுவந்து லோரிக்குக் கொடுக்கும் வண்டிக்குப் பயஸ் போடுங்கள். விலையும் குறைவு. தினமும் டிரெய்லரோடு தார் ரோட்டில் நெடுந்தூரம் ஆலைக்கே ஓட்டுகிறவர், ரிம்முக்கு ரேடியல் கிடைத்தால், கூடுதல் காசு கொடுத்தே வாங்கலாம். ரோட்டில் பயஸ் சீக்கிரம் தேயும், ரேடியல் நின்று உழைக்கும்.

எதை வாங்கினாலும் காற்றை அளந்து அடியுங்கள். காலால் உதைத்துப் பார்த்துக் காற்று இருக்கிறது என்று சொல்வது எனக்குப் பொறுக்காது. ரேடியலில் காற்றழுத்தம் 12, 14 பிஎஸ்ஐ போதும் என்று அட்டவணை சொல்லும் பாரத்துக்கும் நம் ஆட்கள் "பக்கம் பிதுங்குதே" என்று பயந்து 25, 30 அடித்துவிடுகிறார்கள். அந்தப் பிதுக்கத்துக்குத்தானே அத்தனை காசு கொடுத்தோம்!

போன மாதம் என் அக்கா மகன் வந்தான். "மாமா, தவுக்கே கடையில் 8பிஆர் பயஸ் இரண்டும் சேர்த்துக் கேட்டுட்டேன், எடுக்கட்டுமா?" என்றான். எடு என்றேன். காற்று அளக்கும் கேஜ் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். என்னுடையதைக் கொடுத்து, ஞாயிறு காலை வெயில் ஏறுமுன், டயர் சூடாவதற்குள் வந்து நிற்கச் சொன்னேன். நான்கு சக்கரத்தையும் இருவரும் சேர்ந்தே அளந்தோம்.

வணக்கம்.